தங்க ஆணியும் இரும்புக் கொக்கியும்

வட அமெரிக்க ரயில்வேயின் கதையை யார் சொல்லத் தொடங்கினாலும் 1869 மே 10-இல் போய் நிற்பார்கள். யூட்டாவில் புரமாண்டரி சம்மிட் என்ற பொட்டல்வெளி. சேக்ரமெண்டோவிலிருந்து கிழக்கே வந்த சென்ட்ரல் பசிபிக் தண்டவாளமும், ஒமாஹா பக்கத்திலிருந்து மேற்கே வந்த யூனியன் பசிபிக் தண்டவாளமும் அங்கே சந்தித்தன. சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் தங்க ஆணியை வைத்தார். 'முடிந்தது' என்ற ஒற்றைச் சொல்லைத் தந்தி நாடு முழுக்கக் கொண்டுபோனது. அந்த ஆணியை யாரும் உண்மையில் அடித்து இறக்கவில்லை. முன்னாலேயே துளை போட்டு வைத்திருந்த கட்டையில் செருகி, விழா முடிந்ததும் உருவி எடுத்துவிட்டார்கள். அதனுடன் செய்யப்பட்ட இன்னொரு தங்க ஆணி சேக்ரமெண்டோ ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குள் மின்னும் அதன் முன்னால் எப்போதும் கூட்டம்தான்.

என்னைக் கேட்டால் முதல் மைல்கல்லை 1893 மார்ச் 2-ஆம் தேதியில் நடுவேன். அன்றைக்குத்தான் அமெரிக்க ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் ரயில் பாதுகாப்புச் சாதனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரண்டு பெட்டிகளை இணைக்கவும் பிரிக்கவும் மனிதன் நடுவே நுழையத் தேவையில்லாத கொக்கி வேண்டும், என்ஜினிலிருந்தே ரயிலை நிறுத்தக்கூடிய பிரேக் வேண்டும் என்றது சட்டம். இவ்வளவுதான் விஷயம். விழா கிடையாது, தங்கம் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் ரயில்வேயில் வேலைக்குப் போனவன் எப்படி வீடு திரும்பினான், அதற்குப் பின்னால் எப்படித் திரும்பினான் என்று பார்த்தால் இதைவிடப் பெரிய தேதி அந்தக் கண்டத்தின் ரயில் வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கொக்கி மேல் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் என் சித்தப்பா. ஜோலார்பேட்டை யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். நம் ஊர்ப் பழைய பெட்டிகளில் ஸ்குரூ கப்ளிங்தான். இரண்டு பக்க பஃபர்களுக்கு அடியில் குனிந்து உள்ளே போக வேண்டும். கனமான கப்ளிங்கைத் தூக்கி எதிர்ப் பெட்டியின் கொக்கியில் மாட்டி, நடுவில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும். பிறகு ஹோஸ் பைப். சின்ன வயதில் அவர் உள்ளே நுழைந்ததும் என் கண் என்ஜின் பக்கம்தான் போகும். அது ஒரு அடி நகர்ந்தால்கூடப் போதும். அவர் வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டு கொடி காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் இருந்த முறை இதைவிடக் கொடூரமானது. பெட்டியின் முனையில் ஒரு இரும்புக் குழி, அதில் நீண்ட இரும்பு வளையம் ஒன்று தொங்கும். எதிர்ப் பெட்டி நகர்ந்து வந்துகொண்டிருக்கும்போதே பிரேக்மேன் என்ற தொழிலாளி நடுவில் நின்று, வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து எதிர்க் குழிக்குள் நுழைய விட்டு, மேலிருந்து முளையைச் சொருக வேண்டும். ஒரு கம்பெனியின் பெட்டி ஒரு உயரத்தில் இருக்கும், அடுத்த கம்பெனியின் பெட்டி வேறு உயரத்தில். கையை எடுக்க ஒரு நொடி தாமதித்தால் விரல் போகும். கால் இடறினால் ஆளே போவான். வேலை கேட்டு வருபவனின் கையில் விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி என்று எடுத்துக்கொள்வார்களாம். அந்தக் காலத்து ரயில்வேக்காரர்களைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி இது.

பிரேக்கும் அப்படித்தான். ஒவ்வொரு சரக்குப் பெட்டியின் கூரையிலும் ஒரு சக்கரம் இருக்கும். டிரைவர் விசில் கொடுத்ததும் பிரேக்மேன்கள் ஓடுகிற ரயிலின் கூரை மேல் ஓடி, பெட்டிக்குப் பெட்டி தாவி, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி இறுக்குவார்கள். பனிக்காலத்தில் கூரைப் பலகையெல்லாம் பனிக்கட்டி. இருட்டு வேறு. தாழ்வான பாலமோ சுரங்கமோ வருவதற்குச் சற்று முன்னால் தண்டவாளத்துக்கு மேலே ஒரு சட்டம் கட்டி, அதிலிருந்து வரிசையாகக் கயிறுகளைத் தொங்க விட்டிருப்பார்கள். கயிறு முதுகிலோ முகத்திலோ பட்டதும் பிரேக்மேன் அப்படியே படுத்துவிட வேண்டும். படுக்காதவன் தலை பாலத்தில் மோதும். அவனுக்குக் கிடைத்த எச்சரிக்கை அந்தக் கயிறு ஒன்றுதான்.

இதற்கெல்லாம் மாற்று அப்போதே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1869-இல், தங்க ஆணிக்கு ஒரு மாதம் முன்னால். அப்போது அவருக்கு வயது 22. முதல் வடிவத்தில் ஒரு குறை இருந்தது. என்ஜினிலிருந்து காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும்; நடுவில் குழாய் பிய்ந்துவிட்டால் பிரேக்கே இருக்காது. சில வருஷத்திலேயே அதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் காற்றுத் தொட்டி ஒன்றை வைத்து, குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் குறைந்தால் தானாகப் பிடிக்கும் என்று அமைத்தார். குழாய் அறுந்தாலும் ரயில் நிற்கும். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் ரயில்களில் பெரும்பாலானவை இந்தத் தத்துவத்தில்தான் நிற்கின்றன.

கொக்கிக்கு வழி சொன்னவர் எலை ஜானி. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பக்கத்துப் படையில் இருந்தவர், பிறகு வர்ஜினியாவில் துணிக்கடை ஊழியர். மரத்தில் செதுக்கிச் செதுக்கிப் பார்த்து 1873-இல் காப்புரிமை வாங்கினார். இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்வது போன்ற அமைப்பு. பெட்டிகள் மோதியதும் தானே பூட்டிக்கொள்ளும். பிரிக்க வேண்டுமென்றால் பெட்டியின் பக்கவாட்டில் நின்று ஒரு நெம்பியைத் தூக்கினால் போதும். நம் ஊர் சரக்கு வேகன்களில் சி.பி.சி. என்று சொல்லும் கப்ளிங் இதன் வாரிசுதான்.

ஆக, பிரேக் 1869, கொக்கி 1873. சட்டம் வந்தது 1893. கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுத்து, நீட்டித்து, முழுதாக அமலுக்கு வர 1900 ஆகிவிட்டது. நடுவில் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது.

கம்பெனிகள் சொன்ன காரணத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சரக்குப் பெட்டிகள் எல்லாக் கம்பெனித் தண்டவாளங்களிலும் சுற்றி வருபவை. ஒரு கம்பெனி மட்டும் புதுக் கொக்கி மாட்டினால், பழைய வளையப் பெட்டியோடு அதை இணைப்பது இன்னும் ஆபத்து. ஆயிரக்கணக்கான கொக்கி வடிவங்களுக்குக் காப்புரிமை கொடுத்திருந்தார்கள், எதைத் தேர்ந்தெடுப்பது? ஏர் பிரேக்கும் ஐம்பது பெட்டி சரக்கு ரயிலில் முதலில் சரியாக வேலை செய்யவில்லை. 1886-87-இல் அயோவாவின் பர்லிங்டனில் நடந்த சோதனைகளில் முன்பெட்டிகள் முதலில் நின்று, பின்பெட்டிகள் வந்து இடித்து நொறுங்கின. வெஸ்டிங்ஹவுஸ் வால்வைத் திருத்தி வேகமாக்கினார். எல்லாம் சரிதான். ஆனாலும் இந்தக் காரணத்தை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. ஏனென்றால் அதே கம்பெனிகள் மனசு வைத்தபோது என்ன செய்தன என்பதற்கு அதே பத்தாண்டில் இரண்டு சாட்சி இருக்கிறது.

ஒன்று, நேரம். 1883 வரைக்கும் அமெரிக்காவில் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வருவதை வைத்துக் கடிகாரம் வைத்திருந்தது. ரயில் கம்பெனிகள் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட நேரங்களை வைத்துக்கொண்டு திணறின. கனடாவின் ரயில்வே பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங், பெரிய பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரே நேரம் என்ற மண்டல நேரத்துக்காக வருஷக்கணக்காக வாதாடினார். அமெரிக்க ரயில்வே மாநாட்டின் செயலாளர் வில்லியம் ஆலன் எல்லைகளை வரைந்து கொடுத்தார். 1883 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ரயில்வே கடிகாரங்கள் மாற்றப்பட்டன. சிகாகோ தன் கடிகாரத்தை ஒன்பதரை நிமிஷம் பின்னால் தள்ளியது. அமெரிக்க அரசாங்கம் அதற்குச் சட்டம் போட்டது 1918-இல்தான். கம்பெனிகள் தாமாகவே ஒரே நாளில் ஒரு கண்டத்தின் நேரத்தை மாற்றின.

இன்னொன்று, கேஜ். மீட்டர் கேஜ் பிராட் கேஜாக மாற வருஷக்கணக்காக ரயில் இல்லாமல் காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு இது புரியும். தென் மாநிலங்களில் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 5 அடி, வடக்கில் பெரும்பாலும் 4 அடி எட்டரை அங்குலம், சில கம்பெனிகளில் 4 அடி 9 அங்குலம்; இந்த அரை அங்குலம் பெட்டிகளைத் தடுக்காது. எல்லையில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும், அல்லது பெட்டியைத் தூக்கிச் சக்கரம் மாற்ற வேண்டும். 1886 மே 31-உம் ஜூன் 1-உம் குறித்தார்கள். அதற்கு முன்பே கட்டைகளில் புது இடம் குறித்து, உள்பக்க ஆணிகளை அடித்து வைத்து, பழைய ஆணிகளில் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்து வைத்தார்கள். குறித்த நாளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் நெம்பி மூன்று அங்குலம் உள்ளே தள்ளி ஆணி அடித்தார்கள். இன்னொரு பக்கம் என்ஜின் சக்கரங்களையும் பெட்டிச் சக்கரங்களையும் அச்சில் உள்ளே தள்ளினார்கள். 11,000 மைலுக்கு மேற்பட்ட பாதை இரண்டு நாளில் மாறியது! (கனடாவின் பழைய கேஜ் 5 அடி 6 அங்குலம், அதாவது நம் பிராட் கேஜேதான். 1870-களில் அவர்களும் அமெரிக்கக் கேஜுக்கு மாறிவிட்டார்கள்.)

மூன்று அங்குலம் நகர்த்தினால் சரக்கு தடையில்லாமல் ஓடும், காசு வரும். அதற்கு இரண்டு நாள் போதும். ஒருவனின் விரலைக் காப்பாற்ற இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேண்டும், அதுவும் சட்டம் போட்டுக் கழுத்தைப் பிடித்தால்தான். அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. லொரென்சோ காஃபின் என்ற அயோவா விவசாயி, ஒரு பிரேக்மேனின் விரல்கள் நசுங்குவதை 1874-இல் நேரில் பார்த்தார். அதற்கப்புறம் அவர் விடவே இல்லை. கம்பெனி அதிகாரிகளிடம் போனார், மாநாடுகளில் எழுந்து பேசினார், பத்திரிகைகளுக்கு எழுதினார், அயோவாவின் ரயில்வே கமிஷனர் ஆனார். முதலில் தன் மாநிலத்தில் சட்டம் கொண்டுவந்தார், பிறகு வாஷிங்டனுக்குப் போனார். ரயில் தொழிலாளிக்கு இருக்கும் உயிராபத்து போர்க்களத்தில் நிற்கும் சிப்பாய்க்கு இருப்பதற்குச் சமம், இது நம் நாகரிகத்துக்கே இழுக்கு என்று ஹாரிசன் 1889-இல் காங்கிரஸுக்குச் சொன்னார். சேக்ரமெண்டோவில் அந்தத் தங்கத்தின் முன் நின்றபோது, காஃபினுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

தங்க ஆணிக்கே திரும்பி வந்தாலும், அதற்கு முன்னால் பாதையை வெட்டியவர்களைத்தான் பார்க்க வேண்டும். சென்ட்ரல் பசிபிக் பக்கத்து வேலையாட்களில் பெரும்பங்கு சீனர்கள், பத்தாயிரத்துக்கு மேல். சியர்ரா நெவாடா மலையில் சுமார் 7,000 அடி உயரத்தில், 1,659 அடி நீளச் சுரங்கம். முழுக்கக் கருங்கல். கையால் துளை போட்டு, கரிமருந்து திணித்து வெடித்தால் ஒரு முகப்பில் ஒரு நாளைக்கு ஓர் அடி போகும். இரண்டு முனையிலிருந்து குடைந்தால் காலம் போதாது என்று மலை மேலிருந்து நடுவில் ஒரு கிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து இரண்டு பக்கமும் குடைந்தார்கள். நைட்ரோகிளிசரினை அங்கேயே தயாரித்து வெடித்தார்கள். 1866-67 பனிக்காலத்தில் குடியிருப்பு பனிக்குள் புதைந்தது. பனியிலேயே வளை போலப் பாதை வெட்டி, வேலைக்குப் போய் வந்தார்கள். பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனவர்களின் உடல்கள் பனி உருகிய பிறகு கிடைத்தன. சீனர்கள் காய்ச்சிய தேநீரைத்தான் குடித்தார்கள். பச்சைத் தண்ணீர் குடித்த மற்றவர்களைப் படுத்திய வயிற்றுப்போக்கு இவர்களை அவ்வளவாகத் தொடவில்லை.

1867 ஜூனில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு. இவர்களுக்குச் சம்பளமும் குறைவு, சாப்பாடும் சொந்தச் செலவு. சம்பளத்தைக் கூட்டு, சுரங்கத்துக்குள் வேலை நேரத்தைக் குறை என்று கேட்டார்கள். சண்டை இல்லை, கலவரம் இல்லை; ஆயிரக்கணக்கானவர்கள் குடிசையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்ட சார்லஸ் கிராக்கர் மலைக்குப் போகும் சாப்பாட்டை நிறுத்தினார். ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.

1869 ஏப்ரல் 28-இல் ஒரே நாளில் பத்து மைல் தண்டவாளம் போட்டுச் சாதனை செய்தார்கள். தண்டவாளம் தூக்கிய எட்டு அயர்லாந்துக்காரர்களின் பெயர் இன்றும் இருக்கிறது. கட்டை போட்ட, ஆணி அடித்த, ஜல்லி தள்ளிய சீனர்கள் ஒருவர் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்காகத் தேடியும் அந்தத் தொழிலாளிகள் எழுதிய ஒரு கடிதமோ நாட்குறிப்போ கிடைக்கவில்லை. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது.

கனடாவின் கதையும் அதேதான். பிரிட்டிஷ் கொலம்பியா கூட்டாட்சியில் சேர 1871-இல் கேட்ட விலை ரயில் பாதை. ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறையை உடைக்க ஆயிரக்கணக்கான சீனர்களைக் கொண்டுவந்தார்கள். குறைந்தது 600 பேர் செத்தார்கள். 1885 நவம்பர் 7-இல் கிரெய்கெல்லாக்கியில் டொனால்ட் ஸ்மித் கடைசி ஆணியை அடித்தார். முதல் அடியில் ஆணி வளைந்துவிட்டது, வேறு ஆணி எடுத்து அடித்தார். சாதாரண இரும்பு ஆணி. சிகமூஸுக்கும் ரெவல்ஸ்டோக்குக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டியே அந்த இடம் இருக்கிறது, கல் தூபி ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த விழாவின் புகழ்பெற்ற புகைப்படத்தில் சீனர் எவரும் இல்லை. பாதை முடிந்த அதே 1885-இல் கனடாவுக்குள் வரும் சீனர்கள் தலைக்கு 50 டாலர் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1903-இல் அது 500 டாலர். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2006-இல். நானும் இந்த நாட்டுக்கு வந்து குடியேறியவன். அந்தத் தூபியின் முன்னால் எனக்குப் பெருமை எதுவும் வரவில்லை, கோபம்தான் வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் சட்டத்தையும் சங்கத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர்கள் புல்மன் தூங்கும் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர்கள். பயணிகள் அவர்கள் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்று முதலாளியின் பெயரால் கூப்பிட்டார்கள். ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925-இல் சங்கம் தொடங்கி, 1937-இல் கம்பெனியை ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு வருஷப் போராட்டம்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1934-இல் பர்லிங்டன் ஸெஃபிர் என்ற டீசல் ரயில் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 13 மணி 5 நிமிஷத்தில் ஓடி நீராவிக்கு முடிவு காலம் என்று காட்டியது. காரும் விமானமும் பயணிகளை எடுத்துக்கொண்டன. 1970-இல் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் கம்பெனி திவாலானது. 1971 மே 1-இல் பயணிகள் ரயில்களை நடத்த ஆம்ட்ராக் என்ற அரசு ஆதரவு நிறுவனம் தொடங்கியது. 1980-இல் ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்த, சரக்கு ரயில்கள் பிழைத்தன. கண்டெய்னர் மேல் கண்டெய்னர் அடுக்கினார்கள். 2023 ஏப்ரலில் கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றையும் ஒரே கம்பெனியின் தண்டவாளம் இணைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லெவல் கிராசிங்கில் காரை நிறுத்தினால் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும், முடிவே தெரியாது. அவ்வளவு நீளம்.

நீளம் கூடினால் பிரேக்தான் முதல் கேள்வி. 2013 ஜூலை 6 அதிகாலை, கியூபெக்கில் லாக்-மெகாண்டிக் என்ற சிறு ஊர். 72 டாங்கர்களில் கச்சா எண்ணெய் ஏற்றிய ரயிலைச் சில மைல் தள்ளி மேட்டில் நிறுத்திவிட்டு, ஒற்றை ஆளாக ஓட்டி வந்த டிரைவர் தூங்கப் போனார். என்ஜினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்து, என்ஜினையும் நிறுத்தினார்கள். என்ஜின் நின்றால் காற்று அழுத்தும் கம்ப்ரஸரும் நிற்கும். காற்று மெல்லக் கசிந்து இறங்க, என்ஜின்களை மட்டும் பிடித்திருந்த, காற்றழுத்தம் இருந்தால்தான் வேலை செய்யும் தனி பிரேக் தளர்ந்தது. பிறகு கைப்பிரேக் மட்டுமே. இறுக்கியிருந்தது ஏழு. குறைந்தது 17, ஒருவேளை 26 வரை தேவைப்பட்டிருக்கும் என்றது விசாரணை. ஆளில்லாத ரயில் சரிவில் இறங்கி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஊரின் நடுவே கவிழ்ந்து வெடித்தது. 47 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை 18 காரணங்களை அடுக்கியது. டிரைவர் உள்பட ஊழியர்கள் மூன்று பேரைக் குற்றக் கூண்டில் ஏற்றினார்கள். 2018-இல் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. ஒரே ஆளை வைத்து எண்ணெய் ரயிலை ஓட்டலாம் என்று முடிவு எடுத்தவர்கள் அந்தக் கூண்டில் நிற்கவில்லை.

அதற்கு முன்னால் 2008 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், செல்போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் டிரைவர் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் சரக்கு ரயிலில் மோதினார். 25 பேர் இறந்தார்கள். டிரைவர் தவறினால் ரயிலைத் தானாக நிறுத்தும் அமைப்பு வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1970-களிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. சாட்ஸ்வொர்த் நடந்த அடுத்த மாதம் சட்டம் வந்தது. கெடு 2015. பிறகு 2018. பிறகு 2020. கேட்டதிலிருந்து கிடைத்தது வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

இப்போது பாக்கி இருப்பது மின் பிரேக். வெஸ்டிங்ஹவுஸ் முறையில் டிரைவர் பிரேக் போட்டால் அந்தச் செய்தி குழாய்க் காற்று வழியாகவே பெட்டி பெட்டியாகப் போக வேண்டும். இரண்டு மைல் நீள ரயிலில் கடைசிப் பெட்டிக்குத் தெரியப் பல வினாடி ஆகும். நடுவிலும் பின்னாலும் என்ஜின் வைப்பது ஓரளவு ஈடுகட்டும், முழுசாக அல்ல. மின்கம்பி வழியாகச் சொன்னால் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் பிடிக்கும். தீப்பற்றும் சரக்கு ஏற்றிய பெரிய ரயில்களுக்கு அது கட்டாயம் என்று அமெரிக்கா 2015-இல் விதி போட்டது. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று சொல்லி 2018-இல் அதே விதியை எடுத்துவிட்டது. 1880-களில் கொக்கியைப் பற்றிக் கம்பெனிகள் பேசிய அதே செலவுக் கணக்கு. பெட்டிகள் எல்லாக் கம்பெனிக்கும் பொது என்பதால் ஒருவர் மட்டும் மாற்ற முடியாது என்ற வாதமும் அப்படியே இருக்கிறது. அப்போது அந்த முடிச்சை அவிழ்த்தது எல்லாருக்கும் ஒரே கெடு வைத்த சட்டம். வாஷிங்டனும் ஒட்டாவாவும் சேர்ந்து அந்தக் கெடுவை மறுபடியும் வைக்க வேண்டும், அடுத்த லாக்-மெகாண்டிக் வரைக்கும் காத்திருக்காமல்.